3,504 பேர், 80 ஓட்டு: ஐரோப்பாவின் வாசலிலேயே நிற்கும் வடக்கு மாசிடோனியா

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர ஒரு நாடு தன் பெயரையே மாற்றிக்கொண்டது தெரியுமா? அப்படியும் உள்ளே விடவில்லை. இப்போது அரசியலமைப்பில் இன்னொரு திருத்தம் கேட்கிறார்கள்.

பொதுவாக இந்த ஒன்றியத்துக்காக நாடுகள் அரசியலமைப்பைத் திருத்துவது, அதிகாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான். அயர்லாந்து 1972-ல் வாக்கெடுப்பு வைத்து அதைச் செய்தது. வடக்கு மாசிடோனியாவின் கதை வேற. 'நீங்கள் யார்' என்பதையே திருத்தி எழுதச் சொல்கிறார்கள்.

2005-லேயே அது வேட்பாளர் நாடு. ஆனால் மாசிடோனியா எங்கள் வடபகுதியின் பெயர் என்று கிரீஸ் மறித்தது. 2018-ல் சமரசம் வந்தது. அதற்கான வாக்கெடுப்பில் ஆதரவு 91 சதவீதம். ஓட்டுப் போட வந்தவர்களோ சுமார் 37 சதவீதம்தான். பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் 120 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 81 ஓட்டு விழுந்தது. தேவை 80. பெயரில் 'வடக்கு' ஒட்டிக்கொண்டது. 2020 மார்ச்சில் நேட்டோ சேர்த்துக்கொண்டது. அதே நவம்பரில் பல்கேரியா வீட்டோ போட்டது!

பல்கேரியாவின் வாதம்: மாசிடோனிய மொழி தனி மொழியே இல்லை, பல்கேரிய மொழியின் ஒரு வடிவம், வரலாறும் பொதுவானது. 2022-ல் பிரான்ஸ் ஒரு வழி சொன்னது. அல்பேனியர், துருக்கியர், செர்பியர், ரோமா என அரசியலமைப்பில் ஏற்கெனவே இருக்கும் பட்டியலில் பல்கேரியர்களையும் சேர்க்க வேண்டும். 2021 கணக்கெடுப்புப்படி அவர்கள் 3,504 பேர். 18 லட்சம் மக்களில் 0.2 சதவீதம்.

ஒரு வார்த்தைதானே, சேர்த்தால் என்ன? நியாயமான கேள்வி. சிறுபான்மையினரை அங்கீகரிப்பதில் தப்பே இல்லை. ஆனால் பல்கேரியா தன் நாட்டில் மாசிடோனியச் சிறுபான்மை இருப்பதையே ஏற்பதில்லை. அவர்களின் சங்கத்தைப் பதிவு செய்ய மறுத்ததற்காக ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்தில் தோற்றும் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், இதுதான் கடைசி நிபந்தனை என்று யாராலும் உறுதி தர முடியாது. ஒன்றியத்தின் 27 நாடுகளில் எது வேண்டுமானாலும் பேச்சுவார்த்தையின் ஒவ்வொரு கட்டத்திலும் தடுக்கலாம். பக்கத்து நாட்டின் பழைய மனக்குறை, இந்த விதியால் நுழைவுக் கட்டணமாகிவிடுகிறது.

2024 மே தேர்தலில், இந்தத் திருத்தத்தை எதிர்த்த விஎம்ஆர்ஓ கட்சி பெரிய வெற்றி பெற்றது. பிரதமர் மிக்கோஸ்கி சொன்னது இதுதான்: திருத்துகிறோம், ஆனால் நாங்கள் உறுப்பினரான பிறகே அது அமலுக்கு வரட்டும். பிரசெல்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஜோடியாக வரிசையில் நின்ற அல்பேனியாவைத் தனியே பிரித்து, அந்த அக்டோபரிலேயே அதனோடு பேச்சுவார்த்தை அத்தியாயங்களைத் திறந்துவிட்டார்கள்.