பேராசை யாருடையது?

"பொம்பளைங்க பேராசைதான் காரணம்." தீபாவளிச் சீட்டு ஏமாற்றியபோது எங்கள் திருவண்ணாமலைத் தெரு அம்மாவுக்குச் சொன்ன ஆறுதல் இதுதான். மாட வீதியில் பூக்கட்டி, முழம் முழமாகச் சேர்த்த பணம்.

அது சின்னச் சீட்டு. பெரியதைப் பாருங்கள். ஆரணியிலும் கிளை வைத்திருந்த ஆருத்ரா நிறுவனம், மாதம் 25 முதல் 30 சதவீத வட்டி என்று ஆசை காட்டியது. நான்கு மாத வட்டியே முதலுக்குச் சமம்! இது நிலைக்காது என்று அறிய ஆடிட்டர் வேண்டுமா? முதலீட்டாளர்களைக் காக்கும் மாநிலச் சட்டம் 1997லேயே வந்துவிட்டது. மத்தியச் சட்டம் 2019ல். வழக்குப் பதிவானதோ 2022ல். அதற்குள் சுமார் ஒரு லட்சம் பேரின் 2,438 கோடி ரூபாய் போயிருந்தது.

பெயர்ப்பலகை மாட்டிய அன்றே வந்து கணக்குக் கேட்டிருக்க வேண்டியவர்கள், பூட்டு தொங்கிய பிறகு வந்தார்கள். கண்காணிக்கச் சம்பளம் வாங்கியவர்களை முதலில் விசாரியுங்கள். பூக்காரியின் ஆசையை அப்புறம் விசாரிக்கலாம்.