பூட்டு அவனிடம், பணம் நம்மிடம்!

தோழர்களே! கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலே பாடுபடும் உங்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பெரும்பணம் கொடுத்து ஓர் இயந்திரத்தை வாங்குகிறோம். அதன் வரைபடத்தையோ விற்றவன் தன்னிடமே பூட்டி வைத்துக்கொள்கிறான் என்று வையுங்கள். பழுது நேர்ந்தால், கைதேர்ந்த தொழிலாளியும் கைகட்டி நிற்க வேண்டியதுதானே! இயந்திரம் நம்முடையது, ஆதிக்கம் அவனுடையது!

கணினி உலகிலும் இந்த ஆதிக்கம் உண்டு. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரிலேதான் தொடங்கப்பட்டது. பின்னாளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பதே லினக்சின் கொள்கை.

அந்த லினக்சைத் தனி வரைகலை அட்டை பொருத்திய கணினியில் நிறுவிய இளைஞர் பலர் கருந்திரை கண்டு திகைத்தனர். காரணம் என்ன? அட்டையை இயக்கும் ‘டிரைவர்’ நிரலின் மூலத்தை என்விடியா நிறுவனம் நெடுங்காலம் மூடியே வைத்திருந்தது. தன்னார்வலர்கள் அட்டையின் போக்கைக் கவனித்துக் கவனித்தே ‘நூவோ’ என்னும் மாற்று நிரலை எழுதினர். 2014 இல் வந்த இரண்டாம் தலைமுறை ‘மேக்ஸ்வெல்’ அட்டைகளிலோ, நிறுவனத்தின் ஒப்பமிட்ட நிரல் இன்றி முழு வேகம் பெற முடியாதபடி வாயில் அடைக்கப்பட்டது!

“கேட்டால் கொடுப்பார்களா?” என்று கேலி பேசுவோர் உண்டு. ஏஎம்டி நிறுவனம் 2007 இலேயே தன் அட்டைகளின் விவரக் குறிப்புகளை வெளியிடத் தொடங்கவில்லையா? லினக்சைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2012 இல் பின்லாந்தில் மேடையிலேயே என்விடியாவைக் கடிந்துரைத்தார். அந்நிறுவனமும் 2022 மே திங்களில் தன் நிரலில் ஒரு பகுதியைத் திறந்தது. ஆயினும் ‘கூடா’ உள்ளிட்ட மேலடுக்கு இன்னமும் மூடியே கிடக்கிறது.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் வழக்கு மட்டுமன்று. செயற்கை நுண்ணறிவுக்கு இன்று உலையாக எரிவது இந்த வரைகலைச் செயலியே. 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்டம் 10,000க்கும் மேற்பட்ட செயலிகளை நோக்கமாகக் கொண்டது. மதிப்போ 10,300 கோடி ரூபாய்க்கு மேல்! அத்தனையும் மக்கள் பணம்.

ஆகவே நம் கோரிக்கை எளிது: அரசு வெளியிடும் ஒவ்வொரு ஒப்பந்தப்புள்ளியிலும், ‘டிரைவர் நிரலின் மூலம் திறந்திருக்க வேண்டும்’ என்ற ஒரு வரி இடம்பெறட்டும். தனியொருவன் கேட்டால் அது விண்ணப்பம். பெரும்பணம் கொடுத்து வாங்கும் அரசு கேட்டால் அது நிபந்தனை. அந்த நிபந்தனையை அரசு விதிக்கும்வரை ஊர்தோறும் இதை எடுத்துரைப்பது உங்கள் கடமை, தோழர்களே!