மது நின்றாலும் மனத்துக்குச் சிகிச்சை தேவை

பெங்களூரு: குடியை நிறுத்தினால் சிகிச்சை முடிந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், அதன் பின்னர் நீடிக்கும் தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை பலரை மீண்டும் மதுவை நாடச் செய்கின்றன.

பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மதுப் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்களில் சுமார் 86 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை எனத் தெரியவந்தது.

மது, போதைப்பொருள் பயன்பாட்டுடன் தொடர்புடைய மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். ஆயினும் நிர்வாகத்தில் இரண்டும் பிரிந்தே உள்ளன. போதை மறுவாழ்வு மையங்களுக்கான நிதியுதவியும் 14446 என்ற உதவி எண்ணும் மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் பொறுப்பு. நிம்ஹான்ஸைத் தலைமை மையமாகக் கொண்டு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' (14416) சுகாதார அமைச்சகத்தின் திட்டம்.

குடியை விட்டபின் உறக்கமின்றித் தவிப்பவருக்கு இந்தப் பிரிவினை தெரியாது. மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பியவருக்கு மனநல ஆலோசனையும் தொடர்ந்தால்தான், மீண்டும் குடித்தவரைக் குற்றவாளியாக அல்லாமல் நோயாளியாகக் குடும்பமும் காணும்.