"இன்திபாதா" என்றால் என்ன?
முழங்குகிறவருக்கு ஒரு பொருள். கேட்கிறவருக்கு வேறு பொருள்

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மே தினத்தன்று செங்கொடி ஏறும்போது, "இன்குலாப் ஜிந்தாபாத்" என்ற முழக்கம் எழும்.

தமிழ் மட்டுமே அறிந்த தொழிலாளியும் அதை முழங்குவார். ஆனால் அது தமிழ் அல்ல. "இன்குலாப்" அரபுச் சொல். "ஜிந்தாபாத்" பாரசீகச் சொல். இரண்டும் உருது மொழி வழியாக நம் ஊருக்கு வந்தன. "புரட்சி ஓங்குக" என்பது பொருள்.

இப்போது உலகச் செய்திகளில் இன்னோர் அரபுச் சொல் அடிபடுகிறது. அது "இன்திபாதா". அந்தச் சொல்லால் சிலர் பதவி இழந்தார்கள். ஒரு தேர்தலிலும் அது பெரிய பேச்சாயிற்று.

உதறுதல்

துணியில் படிந்த தூசியை உதறுகிறோம் அல்லவா? அந்த உதறலே இதன் வேர்ப்பொருள். மக்கள் தம்மேல் ஏறிய சுமையை உதறி எழுந்தால், அரபு மக்கள் அதை "இன்திபாதா" என்பார்கள்.

1977 ஜனவரியில் எகிப்தில் ரொட்டி முதலிய பண்டங்களின் விலை ஏறியது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசு விலை உயர்வைத் திரும்பப் பெற்றது. மக்கள் அதை "ரொட்டி இன்திபாதா" என்றார்கள். அதிபர் சதாத்தோ, "திருடர்களின் இன்திபாதா" என்றார். சம்பவம் ஒன்று, பெயர் இரண்டு!

இரண்டு எழுச்சிகள்

1987 டிசம்பரில் காசாவில் உள்ள ஜபாலியா அகதி முகாமில் பாலஸ்தீனர்களின் எழுச்சி தொடங்கியது. கடையடைப்பு, வேலைநிறுத்தம், வரி மறுப்பு ஆகியவை நடந்தன. சிறுவர்கள் இஸ்ரேல் ராணுவத்தின்மீது கல் வீசினார்கள். இது முதல் இன்திபாதா.

இரண்டாவது, 2000 செப்டம்பரில் தொடங்கியது. இம்முறை பஸ்களிலும் உணவு விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. இஸ்ரேல் ராணுவம் பாலஸ்தீன நகரங்களுக்குள் புகுந்து தாக்கியது. இஸ்ரேல் தரப்பில் சுமார் 1,000 பேரும், பாலஸ்தீனத் தரப்பில் 3,000 பேருக்கு மேலும் மாண்டார்கள்.

ஆகவே பாலஸ்தீனத் தாய்க்கு அந்தச் சொல் விடுதலையை நினைவூட்டுகிறது. பஸ்சில் மகனைப் பறிகொடுத்த இஸ்ரேல் தாய்க்கு அது வெடிகுண்டை நினைவூட்டுகிறது.

அமெரிக்காவில் புயல்

2023 இல் காசா போர் மூண்டபின், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் இந்தச் சொல்லை முழங்கினார்கள். டிசம்பரில் பல்கலைக்கழகத் தலைவர்களை நாடாளுமன்றக் குழு அழைத்து விசாரித்தது. அவர்கள் தந்த பதில்கள் கண்டனத்துக்கு உள்ளாயின. பென்சில்வேனியா, ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பதவி விலகினார்கள்.

2025 இல் நியூயார்க் மேயர் தேர்தலிலும் இதே சர்ச்சை எழுந்தது. இந்திய வம்சாவளியினரான சோரான் மம்தானியிடம், "இன்திபாதாவை உலகமெங்கும் பரப்புவோம்" என்ற முழக்கத்தைக் கண்டிப்பீர்களா என்று கேட்டார்கள். முதலில் அவர் கண்டிக்கவில்லை. பிறகு, அந்த முழக்கத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்வேன் என்றார். தேர்தலில் வென்றார்.

வடசென்னையில் நடந்தது

இந்த இரட்டைப் பொருள் நமக்குப் புதிதல்ல.

1918 இல் வாடியா, திரு.வி.க. முதலியோர் முயற்சியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களே அதன் பலம். 1921 இல் அங்கே பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கும், வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் புளியந்தோப்பில் மோதல் மூண்டது. ஆதிதிராவிடர்களின் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

சங்கத்தார் அதை உரிமைப் போராட்டம் என்றார்கள். குடிசையை இழந்தவர்கள் அதைக் கொடுமை என்றார்கள். இரு தரப்பும் பட்ட துன்பம் உண்மை.

இன்குலாப் பட்ட பாடு

1929 ஏப்ரல் 8 அன்று பகத்சிங்கும் தத்தும் டில்லி சட்டசபையில் குண்டு வீசி, "இன்குலாப் ஜிந்தாபாத்" என்று முழங்கினார்கள். அந்த முழக்கத்தை ஒரு பத்திரிகாசிரியர் குறை கூறினார். புரட்சி என்றால் எப்போதும் ரத்தம் சிந்துவது என்று பொருள் அல்ல, நல்ல மாறுதலை நாடும் வேட்கையே அது என்று இருவரும் சிறையிலிருந்து விளக்கம் எழுதினார்கள்.

இன்றைய அரபு நாடுகளில் "இன்குலாப்" என்றால், ராணுவம் ஆட்சியைப் பிடிப்பது! புரட்சிக்கு அங்கே "தௌரா" என்று வேறு சொல் உண்டு. நம் தொழிலாளியின் முழக்கம் கெய்ரோவில் கேட்டால், அங்குள்ளவர்கள் திடுக்கிடுவார்கள்.

சொல்லுக்குள் போர்

2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். பிறகு, ஆலையை மூடு என்று மீனவக் கிராமங்கள் திரண்டன. அதைப் "போராட்டம்" என்றார்கள்.

"போராட்டம்" என்ற சொல்லுக்குள் "போர்" இருக்கிறது. அகராதியை மட்டும் பார்க்கும் வெளிநாட்டார், எண்ணூர் மக்கள் ஆயுதம் எடுத்தார்கள் என்று எண்ணிவிடக்கூடும். அவர்கள் கேட்டதோ நல்ல காற்று.

எனவே செய்தியில் "இன்திபாதா" என்ற சொல்லைக் கண்டால், மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சொன்னவர் யார்? அவர்கள் செய்தது என்ன? அதனால் அடிபட்டவர் யார்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே, அந்த இடத்தில் அதற்கு என்ன பொருள் என்று சொல்ல முடியும்.