ஈரோட்டில் ரயில் ஏறிய மூன்று பிள்ளைகள்



உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் ஜே-ஹோப் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். சிலருடைய முகம் உடனே மலரும். தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் 1994-இல் பிறந்து, தெரு நடனத்தில் வளர்ந்து, 2013-இல் பிடிஎஸ் என்னும் எழுவர் இசைக்குழுவில் அறிமுகமானவர் அவர். அந்நாட்டுச் சட்டப்படியான ராணுவப் பணியை 2024 அக்டோபரில் முடித்துத் திரும்பியவர், 2025 பிப்ரவரி 28 அன்று சியோலில் தமது முதல் தனி இசைப் பயணத்தைத் தொடங்கினார். மார்ச்சில் கடல் கடந்து நியூயார்க்கின் புரூக்ளினில் பாடினார். பிறகு சிகாகோ, மெக்சிகோ நகரம், மணிலா, சிங்கப்பூர், ஜகார்த்தா, பாங்காக். ஆறு தோழர்களோடு நின்று பழகியவர் அயல்நாட்டார் முன்பாகத் தனியே நின்றார். அந்தப் பயணத்தில் இந்தியா இல்லை. ஆயினும் தறிச் சத்தத்துக்கு நடுவே காதில் ஹெட்போனோடு அவரைப் பின்தொடர்ந்த பிள்ளைகள் நம் சென்னிமலையிலும் உண்டு.

இந்த மோகத்தைக் கண்டித்து ஒரு பிரசங்கம் செய்யவேண்டும் என்று பெற்றோர் சிலர் விரும்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்பதை நம் அண்டை மாவட்டத்தில் நடந்த ஒரு செய்தியைக் கொண்டே சொல்கிறேன்.

2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவிகள் மூவர், பிடிஎஸ் குழுவினரை நேரில் காணவேண்டும் என்று வீட்டாருக்குத் தெரியாமல் புறப்பட்டார்கள். கையில் சேமித்த பணம் சுமார் 14,000 ரூபாய். ஈரோட்டுக்கு வந்து, அங்கிருந்து சென்னைக்கு ரயில் ஏறினார்கள். விசாகப்பட்டினம் போய்க் கப்பலில் கொரியா சேர்ந்துவிடலாம் என்பது அவர்கள் திட்டம். சென்னையில் ஓர் இரவு தங்கியதும் மனம் தளர்ந்து ஊர் திரும்பினார்கள். வழியில் காட்பாடி நிலையத்தில் இறங்கியபோது ரயில் அவர்களை விட்டுச் சென்றது. அங்கே காவல்துறையினர் கண்டு, பாதுகாப்பாகச் சேர்த்தார்கள். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. (கோடம்பாக்கத்துக்கு ரயில் ஏறிய பிள்ளைகள் நம் தலைமுறையிலும் இருந்தார்கள் என்பதை அவர்கள் மறந்திருக்கலாம்.) எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொன்றைக் கவனியுங்கள். அவர்கள் புறப்பட்ட அந்த மாதத்தில் குழுவின் எழுவருமே ராணுவப் பணியில் இருந்தார்கள். எப்படியோ சியோலை எட்டியிருந்தாலும் மேடை வெறுமையாகவே இருந்திருக்கும். பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், இப்போது அங்கே நிகழ்ச்சியே இல்லை என்பதையெல்லாம், அருகில் அமர்ந்து கேட்கும் பெரியவர் ஒருவரிடம் மனம் திறந்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டிருப்பார்கள். கண்டிப்புக்குப் பயந்த பிள்ளை மனம் திறக்காது. ஆகையால்தான் அந்தப் பிரசங்கத்துக்கு நான் தயங்குகிறேன்.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பஸ்கா முடிந்து திரும்பும் வழியில், பன்னிரண்டு வயது மகன் கூட்டத்தோடு வருகிறான் என்றே யோசேப்பும் மரியாளும் ஒருநாள் தூரம் நடந்தார்கள். அது நல்ல குடும்பம்தான், பக்தியுள்ள பயணம்தான். தேடிக் கண்டபோது, ஏன் இப்படிச் செய்தாய் என்று தாய் கேட்டாள். கிடைத்த பதில் அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்காததை அவள் தள்ளிவிடாமல் இருதயத்தில் வைத்துக்கொண்டாள் என்பதையே இன்றைய பெற்றோர் நிதானித்து வாசிக்கவேண்டும் என்பது என் எண்ணம். விடியலில் தறிக்குழியில் இறங்குகிறவர்களும், பெருந்துறை சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களும் கூட்டத்தோடு பிள்ளை வருகிறது என்றே நம்பி நடக்கிறார்கள். உழைப்பாளிகளை நான் குறை சொல்லவில்லை. கேட்க ஒரு வேளையை ஒதுக்குங்கள் என்கிறேன்.

கொரியாவில் இத்தகைய பாடகரை 'ஐடல்' என்றே அழைக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் கட்டளையை எடுப்பது எளிது. ஆனால் அந்த இளைஞர் பலர் பள்ளிப் பருவத்திலேயே நிறுவனங்களில் சேர்ந்து, அறிமுகமாகும் நாள் வருமோ வராதோ என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுப்பவர்கள். அந்த உழைப்பை நம் பிள்ளைகள் மதிப்பதில் தவறு காணேன். ஒரே ஆல்பத்தை, உள்ளே இருக்கும் படத்துக்காகப் பலமுறை வாங்கவைக்கும் வியாபாரத்தின்மேல்தான் என் கோபம். பிள்ளையின் அன்பைப் பணமாக்கும் அந்தத் தந்திரத்தை அவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். பாடலைத் திட்டிக்கொண்டே விளக்கினால் காது கொடுக்கமாட்டார்கள்.

ஜே-ஹோப் என்ற பெயரில் இருக்கும் 'ஹோப்' நம்பிக்கையைக் குறிக்கும் சொல். எந்த வேளையில் அந்தக் குரல் உனக்கு ஆறுதலாக இருந்தது என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். தேர்வில் தோற்ற நாளா, தோழி பேசாமல் போன நாளா, வீட்டில் சண்டை நடந்த இரவா? பதில் உங்களுக்கு வலிக்கக்கூடும்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலிபர் கூடுகையில் இதையே பேசப்போகிறோம். பெற்றோரும் வரலாம். முதல் அரைமணி நேரம் பிள்ளைகள் மட்டுமே பேசுவார்கள். போதகரும் வாய் திறக்கமாட்டார்.