தீபாவளி முடிந்ததும் சிலம்ப வகுப்பு ஏன் காலியாகிறது?

சிலம்ப வாத்தியார்கள் பலரிடம் கம்போடு ஒரு நோட்டும் இருக்கும். இந்த மாதம் பணம் கட்டிய பிள்ளையின் பெயருக்கு நேராக ஒரு டிக். ஜூன் மாதத்தில் பெயர்கள் அடுத்த பக்கத்துக்கும் வழியும். கார்த்திகை வந்தால் அரைப் பக்கம் நிரம்புவதே பெரிய விஷயம்.

ஆலங்குளம் பக்கமும் இதே கதைதான். (தென்காசி ஆலங்குளத்துக்கு வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். நான் சொல்வது அரசு சிமென்ட் ஆலை இருக்கும் விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம்.) பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம், கொஞ்சம் விவசாயம் என்று சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிவது இவற்றை நம்பித்தான்.

பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் உடனே செல்போனைக் கை காட்டுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஜூன் மாதத்திலும் அதே செல்போன் அதே கையில்தானே இருந்தது?

சலிப்பு ஒரு காரணம். சுருள்வாளும் தீப்பந்தமும் சுற்றலாம் என்று ஆசையாக வரும் பையனுக்கு முதலில் கிடைப்பது காலடிப் பாடம். முன்னே வை, பின்னே வை, திரும்பு, மறுபடி வை. காலடி சரியாக விழாமல் கம்பைத் தொட்டுப் பயனில்லை என்பது வாத்தியாருக்குத் தெரியும், ஒன்பது வயதுப் பையனுக்குத் தெரியாது. அவன் இரண்டாம் மாதமே காணாமல் போவான். அவனைவிட எனக்குக் கவலை தருவது, ஒன்றரை வருடம் ஒழுங்காக வந்து, சலாம் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தெரிந்து, பிறகு நின்றுவிடும் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குச் சிலம்பம் அலுத்திருக்காது.

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். தீபாவளிச் சரக்கு போனதும் பட்டாசு ஆலைகள் ஓய்வுக்குப் போகும். மறுபடி பூஜை போட்டுத் திறக்கும்வரை வாரக்கூலி இல்லை. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். பெரும்பாலான வகுப்புகள் நடப்பது கோயில் திடலிலோ பள்ளி மைதானத்திலோ. மழை பெய்தால் அன்று லீவு. அடுத்து டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. காசு இல்லாத நேரத்தில், மைதானம் நனைந்த நேரத்தில், பரீட்சையும் வந்து நிற்கிறது. “பரீட்சை முடியட்டும் மாஸ்டர், அனுப்புறேன்” என்று அம்மா சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் சொல்ல மாட்டார்.

அந்த மீதிப் பாதி, மாதக் கட்டணம். தொகை என்னவோ சில நூறு ரூபாய்தான். கட்ட முடியாத மாதம் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் கூலி வந்தாலும் போன மாதப் பாக்கி நிற்கிறது. எல்லோர் முன்னாலும் வாத்தியார் கேட்டுவிடுவாரோ என்று பிள்ளைக்குக் கூச்சம். ஒரு மாத இடைவெளி இப்படித்தான் ஒரேயடியாக நிற்பதில் முடிகிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்து, பேரியம் உப்பையும் தடை செய்தது. அதைத் தொடர்ந்து நவம்பரில் சிவகாசி ஆலைகள் மூடி, மாதக்கணக்கில் திறக்கவில்லை. அப்படிப்பட்ட வருடத்தில் ஒரு வீடு முதலில் எந்தச் செலவை வெட்டும்?

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. ஏழாவது, எட்டாவது வரை நன்றாக வருவார்கள். வயதுக்கு வந்ததும் சாயங்கால வகுப்பு, இருட்டு, பையன்கள், உடை என்று வீட்டில் நாலு கேள்வி. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் தற்காப்புப் பயிற்சி உண்டு. ஒரு பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் 3 மாதங்களுக்கு நிதி. நல்ல ஆரம்பம்தான். ஆனால் காலடி படியவே அந்த 3 மாதமும் போய்விடும். நான்காவது மாதம் அந்தப் பெண் எங்கே போய்த் தொடர்வாள்? ஊர் வகுப்பில் கற்றுத்தர ஒரு அக்கா இருந்தால் அம்மாக்கள் தைரியமாக அனுப்புகிறார்கள். பழைய மாணவி ஒருத்தியை உதவி ஆசிரியராக வைத்து, சிறு தொகையாவது சம்பளமாகக் கொடுக்கலாம். வாத்தியார் எத்தனை நல்லவர் என்று நோட்டீஸ் அடிப்பதைவிட அது வேலை செய்யும்.

பிள்ளைகளைப் பிடித்துவைக்கப் பலர் நம்புவது பதக்கத்தை. நியாயமான பதக்கங்களும் இருக்கின்றன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவிகித விளையாட்டு இடஒதுக்கீட்டிலும் சிலம்பம் சேர்ந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் கம்பைப் பரணில் போடச் சொல்லும் அப்பாவிடம் இதையெல்லாம் எடுத்துச் சொல்லலாம்.

ஆனால் நுழைவுக் கட்டணம் கட்டினால் எல்லோருக்கும் கேடயம், ‘உலக சாதனை’ சான்றிதழ் என்று நடக்கும் கூத்து வேறு. ஃப்ரேம் போட்டு மாட்டிய மறுவாரம், “அடுத்து என்ன?” என்று பிள்ளை கேட்கும். அதற்குப் பதில் வேண்டுமே!

ஜப்பானியர்கள் இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவில் ஒரு கோயில் அறையில் ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது மாணவர்கள் ஒன்பதே பேர். அடுத்த ஆண்டே தேர்ச்சிப் படிநிலைகளைக் கொண்டுவந்தார். நாம் இன்று பார்க்கும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை பெல்ட்டுகள் ஐரோப்பாவில் பரவியது 1930-களில். பாரிஸில் ஜூடோ கற்றுக்கொடுத்த கவாய்ஷி அதற்கு முக்கியக் காரணம். கறுப்பு பெல்ட் வரை வருடக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு நடுநடுவே ஒரு நிறம். கராத்தே வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது தெரியும். சிலம்பத்தில் பல இடங்களில் அது வாத்தியார் மனசுக்குள் மட்டும்தான் இருக்கிறது. பெல்ட் வேண்டாம், காலடியில் எத்தனை முடித்தாய், அடுத்தது என்ன என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தால்கூடப் போதும்.

கட்டணத்துக்கும் பருவத்துக்கும் வழி தேடினால் கேரளாவின் வடகரைக்குப் போக வேண்டும். 2017-ல் பத்மஸ்ரீ பெற்ற களரி ஆசான் மீனாட்சி அம்மாவின் களரியில் மாதக் கட்டணம் கிடையாது. மாணவர்கள் தருவது குருதட்சணை. வகுப்பு, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில். பருவம் முடிந்தால் வகுப்பு முடிந்தது, அடுத்த ஜூனில் மறுபடி ஆரம்பம். நடுவில் வராத பிள்ளைக்கு ‘நின்றுவிட்டான்’ என்ற பெயர் இல்லை. தட்சணையை நம்பி எல்லா வாத்தியாராலும் குடும்பம் நடத்த முடியாது, அது எனக்கும் புரிகிறது. கம்பு, பயணம், போட்டிக் கட்டணம் என்று அவருக்கும் செலவு இருக்கிறது.

ஆனால் ஊர் சம்பாதிக்கும் மாதங்களைப் பார்த்துக் கட்டணத்தை வைக்கலாமே! ஜூன் முதல் தீபாவளி வரை கொஞ்சம் கூட்டி வாங்கிக்கொண்டு, கார்த்திகை, மார்கழியில் எல்லோருக்கும் கட்டணம் இல்லை என்று சொல்லிவிடலாம். எல்லோருக்கும் என்பது முக்கியம். கஷ்டப்படும் வீட்டுக்கு மட்டும் தள்ளுபடி என்றால் அதைக் கேட்கவே ஒருவரும் வர மாட்டார்கள். மழை நாளில் பள்ளித் தாழ்வாரத்தில் அரை மணி நேரம் காலடி மட்டும். பரீட்சை வாரத்தில் இருபது நிமிடம், வந்து வியர்த்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. சில வகுப்புகளில் கட்டணப் பாக்கி வைத்தவர்கள் பட்டியலை வாட்ஸ்அப் குழுவிலேயே போடுகிறார்கள். அதைப் பார்த்த அன்றே ஓசையில்லாமல் குழுவிலிருந்து வெளியேறும் அம்மாக்கள் உண்டு. பட்டியலுக்குப் பதிலாக, இரண்டு வகுப்பு வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் ஒரு போன் போடுங்கள். பணத்தைப் பற்றிப் பேசாமல், “பிள்ளைக்கு உடம்பு நல்லாயிருக்காம்மா?” என்று மட்டும் கேளுங்கள்.