ஊன்றுகோலும் அவன் கொடுத்ததே

கார்த்திகைச் சோமவாரம். மாலையில் பெய்த மழை சற்றே ஓய்ந்திருந்தது. எங்கள் ஊர்ச் சிவாலயத்தில் அபிஷேகம் கண்டு, பிராகாரத்தை வலம் வரத் தொடங்கினேன். தெற்கே தட்சிணாமூர்த்தியையும் மேற்கே லிங்கோத்பவரையும் தொழுது வடபுறம் திரும்பினேன். கோமுகியிலிருந்து வழிந்த நீரும் மழைநீரும் கலந்து கல்தரையெங்கும் பளபளத்தன. சண்டிகேசுவரர் சந்நிதியை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்த கணத்தில், கோயிலே ஒரு பக்கமாகச் சாய்வது போலத் தோன்றியது. மறுகணம் நான் தரையில் கிடந்தேன்.

யாரோ இருவர் தூக்கி உட்கார வைத்தனர். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், நாக்குக் குழறியது. கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது: "குடிச்சிட்டுக் கோயிலுக்கு வந்திருக்காரு பாருங்க, இந்த வயசுல!"

முழங்காலில் பட்ட காயம் பத்து நாளில் ஆறிற்று. அந்தச் சொல்லால் பட்ட காயமோ நான்கு மாதம் ஆறவில்லை. அந்த நான்கு மாதமும் நான் ஆலய வாசலை மிதிக்கவில்லை.

அவ்வாறு சொன்னவரை நான் நோகவில்லை. என் நோயின் தோற்றம் அத்தகையது. தலையின் பின்புறத்தில், பெருமூளைக்குக் கீழே சிறுமூளை என்றோர் உறுப்பு உண்டு. நடை, கை அசைவு, பேச்சு ஆகியவற்றைத் தாளம் தப்பாமல் நடத்துவது அதன் பணி. அது நலிந்தால் கால்கள் அகன்று தள்ளாடும், கை குறி தவறும், சொல் குழறும். இதனை மருத்துவர்கள் 'அட்டாக்சியா' என்பர். ஒழுங்கின்மை என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. மதுவும் இதே சிறுமூளையைத்தான் தாக்குகிறது. ஆகவே, ஒரு துளியும் தொடாதவனுடைய நடையும் குடித்தவன் நடைபோலவே தெரிகிறது. இந்நோயுடன் எனக்கு அவ்வப்போது தலைசுற்றலும் வந்து சேரும். முன்னது நாள்தோறும் உடனிருக்கும் நிழல். பின்னது சொல்லாமல் வரும் விருந்தாளி.

நம்மில் பலரும் இவ்விரண்டையும் 'மயக்கம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வேறுபாட்டை அறிந்துகொள்வது நல்லது. உடல் நிலைகுலையாமல் நிற்பதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும். உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்கள் ஒன்று, கண்கள் இரண்டாவது, பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு மூன்றாவது. மூன்றும் சொல்வதைக் கேட்டு, உடலைச் சரிசெய்யும் நடுவரைப் போன்றது சிறுமூளை. சாட்சிகள் முரண்பட்டால் உலகம் சுழல்கிறது. நடுவர் தளர்ந்தால் நடை தள்ளாடுகிறது.

முதியவர்களுக்கு வரும் தலைசுற்றலில் மிகுதியாகக் காணப்படும் ஒருவகை, உட்காதில் உள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் புகுவதால் உண்டாவது. படுக்கையில் புரளும்போதும், குனியும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும் உலகம் சுழலும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். இதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவது மிக அரிது. தலையையும் உடலையும் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி, துகள்களைப் பழைய இடத்துக்கே அனுப்பும் 'எப்ளி' முறை உள்ளது. காது மூக்கு தொண்டை மருத்துவரோ, பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரோ சில நிமிடங்களில் இதனைச் செய்துவிடுவர். இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரையை மட்டும் விழுங்கி வருவோர் பலர்.

தள்ளாட்டத்துக்கும் காரணங்கள் பல. பரம்பரையாக வருவது ஒன்று. பக்கவாதத்தின் விளைவு மற்றொன்று. தைராய்டுக் குறைபாடும், சில மருந்துகளும்கூடக் காரணமாகலாம். மரக்கறி உணவு உண்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி12 என்னும் வைட்டமின் குறைந்தால் கால்களின் உணர்வு மங்கி, இருட்டில் நடை தடுமாறும். எளிய இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். காலத்தே கண்டால் சரிசெய்யவும் இயலும். ஆகவே, "வயசானா அப்படித்தான்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். திடீரெனத் தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், பார்வை இரட்டித்தல், ஒரு பக்கம் வலுவிழத்தல், நிற்கவே முடியாமை, கடுந்தலைவலி ஆகியவற்றுள் ஏதேனும் புதிதாகத் தோன்றினால், அது மூளையின் இரத்த ஓட்டம் தடைப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். விபூதி இட்டுக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

இனி ஆலயத்துக்கு வருவோம். நாம் பக்தியோடு செய்யும் பல செயல்கள் இத்தகைய உடலுக்குச் சோதனையாக அமைகின்றன. கற்பூர ஆரத்தியின்போது கண்களை மூடி நிற்கிறோம். மூன்று சாட்சிகளுள் ஒன்று அப்போது விலகிவிடுகிறது. அந்நேரம் ஒரு கையால் தூணையோ கம்பியையோ பற்றிக்கொள்ளலாம். அல்லது கண் திறந்தபடியே கண்ணாரக் காணலாம். கோபுரத்தின் அருகில் நின்று அண்ணாந்து பார்ப்பதைத் தவிர்த்து, தொலைவில் நின்றே கும்பிடலாம். நின்ற இடத்திலேயே சுழலும் ஆத்மப் பிரதட்சிணம் நமக்கு ஆகாது. தரையில் விழுந்து வணங்கி, சட்டென எழுவதும் ஆகாது. திண்ணையில் அமர்ந்து கைகூப்பினால் போதும். மூன்று சுற்று முடியாவிட்டால் ஒரு சுற்று. அதுவும் முடியாவிட்டால், மனத்தால் வலம் வருவதற்கு எந்தத் தடையும் இல்லை. எண்ணெயும் நீரும் சிந்திய தரையில் சுவரோரமாக நடப்பது நன்று. சுற்றல் தொடங்கினால் நாணம் பாராது அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். அசையாத ஒரு பொருளில், ஒரு தூணின் சிற்பத்திலேனும், பார்வையை நிலைநிறுத்தி, அது அடங்கும் வரை எழாதிருக்க வேண்டும். விடியற்காலையில் விழித்தவுடன் எழுந்துவிடாமல், படுக்கையின் விளிம்பில் சிறிது நேரம் அமர்ந்து, ஒரு முறை பஞ்சாட்சரமோ அஷ்டாட்சரமோ சொல்லி எழுவது என் வழக்கம். உடலுக்கும் நல்லது, நாளுக்கும் நல்லது.

இவையெல்லாம் அறிந்திருந்தும், ஒன்றை மட்டும் நான் ஏற்க மறுத்தேன். அது ஊன்றுகோல். இயன்முறை மருத்துவர் சொன்னவுடனே என் மனைவி வாங்கி வந்துவிட்டாள். அடியில் இரப்பர் பூண் இட்ட நல்ல கோல். கதவுக்குப் பின்னால் அது நான்கு மாதம் நின்றது. "கோல் ஊன்றிப் போனால் ஊரே பார்க்கும்" என்றேன். "கோல் இல்லாமல் போனீர்கள், ஊர் பார்க்கத்தானே செய்தது?" என்றாள் அவள். எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

மாசியில் ஒரு நாள், இந்தப் பகுதிக்காகச் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழின் கீழ்ச் சூளுரைத்தவர், திருவாரூர் வசந்த விழாவின் நினைவால் எல்லை தாண்டினார்; கண்ணொளி இழந்தார். வழி தெரியாத நிலையில் திருவெண்பாக்கத்தை அடைந்து, கோயிலில் இருக்கின்றாயோ என்று இறைவனைக் கேட்டார். இருக்கிறோம் என்று விடையளித்த இறைவன், கண்ணைத் தரவில்லை. ஒரு கோலைத் தந்தார். அத்தலத்து ஈசனுக்கு ஊன்றீசுவரர் என்றே பெயர். பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போயிற்று. அதனால் அருகிலேயே வேறிடத்தில் எழுப்பப்பட்ட ஆலயத்தில் இன்று அப்பெருமான் அருள்பாலிக்கிறார்.

எத்தனையோ முறை படித்த வரலாறுதான். தோழன் என்று உரிமை கொண்டாடியவருக்கு வெறும் கோலா என்று முன்பெல்லாம் நினைத்ததுண்டு. அன்றுதான் ஒன்று புலப்பட்டது. இடக்கண் காஞ்சியில் கிடைத்தது; வலக்கண் திருவாரூரில் கிடைத்தது. காஞ்சி வரை அவரை நடத்திச் சென்றது அந்தக் கோல். வெண்பாக்கத்திலேயே மனம் கசந்து அமர்ந்திருந்தால் காஞ்சி ஏது, ஆரூர் ஏது? முழு அருளும் கிடைக்கும் வரை நடப்பதற்காக இறைவன் முன்கூட்டியே கொடுத்த அருள் அது.

என் நோய் முற்றும் நீங்கும் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. நானும் அவ்வாறு எண்ணி என்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. பயிற்சியால் விழுவது குறையும்; நடக்கும் நாட்கள் நீளும். எனக்குக் கண் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், கோல் கிடைத்திருக்கிறது.

பங்குனியில் ஒரு காலை, கூட்டமில்லாத வேளையில், கதவுக்குப் பின்னால் நின்ற கோலை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். மனைவி உடன் வந்தாள். தெற்கு, மேற்கு, வடக்கு என மெல்லச் சுற்றினோம். விழுந்த இடம் வந்தது. தரை காய்ந்திருந்தது. கோயில் சாயவில்லை.

அன்பர்களே, பிராகாரத்தில் ஒருவர் தள்ளாடக் கண்டால், நாவை அசைக்கும் முன்னர்க் கையை நீட்டுங்கள். அவர் குடித்தவர் அல்லர். நாளை நாம் இருக்கப்போகும் நிலையில் இன்று இருப்பவராகலாம். கை நீட்டப்பெறும் முதியவர்களே, நீங்களும் அதைத் தட்டிவிடாதீர்கள்.

சண்டிகேசுவரர் முன் மெல்லக் கைதட்டி விடைபெறுவது வழக்கமல்லவா? அங்கே போய் நின்றபோதுதான் நினைவு வந்தது: என் ஒரு கை கோலைப் பற்றியிருந்தது. விட்டால் விழுவேன். திகைத்து நின்றேன். பக்கத்தில் நின்றவள் ஒன்றும் பேசாமல் தன் வலக்கையை என் முன்னே நீட்டினாள். அதன்மேல் என் கையை மெல்லத் தட்டினேன். சண்டிகேசுவரர் கேட்டிருப்பார்.